அரை வரப்பு

சுக்கானேந்தலில் ஒரு வீட்டின் ஆண்மகன் இறந்துபோனால், கருமாதி முடிந்த கையோடு அந்த வீடு பாதியாகிவிடும். கூரை அப்படியே இருக்கும். அடுப்பும், கட்டுத்தறியில் மாடும், வேலியோர முருங்கையும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஊர்க்கணக்கில் மட்டும் அது அரைத் தலைக்கட்டு. மணமான ஆணும் அவன் மனைவியும் சேர்ந்தது ஒரு தலைக்கட்டு; ஆண் போய்விட்டால் அரை. கருப்பர் கோயில் திருவிழாவுக்கு மற்றவர்கள் கொடுக்கும் வரியில் பாதியை அவள் கொடுத்தால் போதும். கிடா வெட்டினால் கறியிலும் பாதிக் கூறுதான் அவளுக்கு. கண்மாய் வேலைக்கு ஆள் அனுப்ப வேண்டியதில்லை. ஊர்க்கூட்டத்தில் உட்கார வேண்டியதும் இல்லை.

இதை அநியாயம் என்று யாரும் சொன்னதில்லை. அக்கம்மாளும் சொன்னதில்லை. அவள் கணவன் இருளாண்டி பாம்பு தீண்டி இறந்தபோது மகள் சிகப்பிக்குப் பால்பல் கூட விழுந்திருக்கவில்லை. அடுத்து வந்த ஆண்டுகளில் மழையும் பொய்த்தது. குதிரைவாலிக் கஞ்சிக்கே வழியில்லாத அந்நாளில், பாதி வரி என்பது வெயிலில் நடப்பவளுக்குக் கிடைத்த மரநிழல். “ஊரு நம்மளைப் பாதியாப் பாக்கலத்தா. பாதிச் சுமையை எறக்கி வச்சிருக்கு” என்று மகளிடம் அவளே சொல்லியிருக்கிறாள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் மண் காப்புத் திட்டம் ஊருக்கு வந்தபோதுதான் அந்தப் பாதி தன் மறுபக்கத்தைக் காட்டியது.

ஆத்தங்குடிக்கு மேற்கே, செம்மண்ணும் சுக்கான் கல்லும் கலந்த நீண்ட சரிவில் இருக்கிறது ஊர். சரிவின் உச்சியில் ஆடுகள் மட்டும் மேயும் பொட்டல். பொட்டலுக்குக் கீழே முதல் புஞ்சை அக்கம்மாளுடையது. அதற்கு அடுத்தது அவள் கொழுந்தன் மலையாண்டியின் புஞ்சை. அப்படியே படிப்படியாக இறங்கிக் கண்மாய்க்கு அருகில் போனால், கையால் தடவி விட்டதுபோல் சமமாகக் கிடக்கும் நிலம் ஊர்த்தலைவர் பெரியகருப்பன் அம்பலத்துக்கு உரியது. ஐப்பசி மழை பொட்டலில் விழுந்து திரண்டு உருண்டு இறங்கும்போது, அதன் முதல் வாய் அக்கம்மாளின் புஞ்சையில்தான் பதியும். முதலில் அது ஒரு கோடாக இருந்தது, பிறகு வாய்க்காலானது, இப்போது ஆள் இறங்கி நின்றால் தலைமட்டும் தெரிகிற ஓடை. கடலை போட்ட மண் பெரும்பாலும் கண்மாய்க்குப் போய்விட்டது. “என் புஞ்சையைப் பாக்கணும்னா அம்பலகாரவுக மடைக்குப் போங்க. அங்கதான் தூந்து கிடக்கு” என்று அவள் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு. இன்னும் ஓர் ஐப்பசி இப்படிப் போனால் அங்கே கல்லைத் தவிர வேறொன்றும் மிஞ்சாது என்பதை நினைக்கும்போது அந்தச் சிரிப்பு நின்றுவிடும்.

மண் காப்புத் திட்டத்தின் அதிகாரி சத்தியமூர்த்தி தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், மென்மையாகப் பேசுகிறவர். காரைக்குடியிலிருந்து பேருந்தில் வந்து இறங்கி, மிச்ச வழியைச் சைக்கிளில் கடந்து வருவார். முக்காலியின்மேல் கண்ணாடி வைத்து மட்டம் பார்த்து, சரிவுக்குக் குறுக்கே சுண்ணாம்புக் கோடு இழுப்பார். ஊரார் அவருக்கு வைத்த பெயர் மண்ணாபீசர். அவர் போட்ட கோடுகளின்மேல் உயரமான வரப்புகள் எழுப்ப வேண்டும். கூலியை அரசாங்கம் மானியமாகக் கொடுக்கும். ஊருக்கென்று கேட்ட பணம் ஒன்று, வந்த அனுமதி அதைவிடக் குறைவு. ஊர் நிலம் முழுவதற்கும் அது போதாது. முதல் தவணை கையில் இருந்தது. மறு தவணை வேலையைப் பார்த்தபின் வரும். யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்ய, சித்திரை மாதத்தில் கருப்பர் கோயில் திடலில் கூட்டம் கூடியது.

“மேலே தொடங்கிக் கீழே இறங்கி வருவதுதான் முறை” என்றார் சத்தியமூர்த்தி.

“மொறையெல்லாம் சரிதான்யா” என்றார் அம்பலம். “கீழ வந்து சேர்றதுக்குள்ள பணம் தீந்துபோச்சுன்னா, கீழ உள்ளவுக ஆகாசத்தைப் பாத்துக்கிட்டு நிக்கிறதா? நாங்க எதையும் தலைக்கட்டுக் கணக்குலதான் பிரிப்போம். மேட்டுக்காரன் பள்ளத்துக்காரன்னு பேதம் வேணாம். தலைக்கட்டுக்கு இம்புட்டு நீளம் வரப்புன்னு போட்டுருங்க. சண்டை வராது.”

சண்டை வராது என்ற சொல் சத்தியமூர்த்திக்கு இனித்திருக்க வேண்டும். வேறு ஊர்களில் அவர் பார்த்திருந்த சண்டைகள் அப்படி. தலையை ஆட்டினார்.

கோயில் சுவரோரம் மற்றப் பெண்களோடு நின்றிருந்த அக்கம்மாள், “அப்ப எனக்கு?” என்றாள்.

கூட்டத்தின் நடுவிலிருந்து மலையாண்டி திரும்பிப் பார்த்தான். “ஒங்களுக்கு எப்பவும் உள்ளதுதான் மதினி. அரை.”

“ஓடை தின்னது போக மிச்சப் புஞ்சை முழுசாத்தான இருக்கு கொழுந்தனாரே. அரைப் புஞ்சையாவா இருக்கு?”

“வரி குடுக்கையில அரை, வரப்பு வாங்கையில முழுசா? நல்லா இருக்கு நாயம்! கருப்பருக்கு அரைக் கும்பிடு போட்டுட்டு முழு வரம் கேப்பீக போல.”

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. கேலி அக்கம்மாளைச் சுடவில்லை. அந்தக் கேலியில் பொய் இல்லை என்பதுதான் சுட்டது.

வீட்டில் சிகப்பி கேப்பைக் களி கிண்டி, கருவாடும் கத்தரிக்காயும் போட்டுப் புளிக்குழம்பு வைத்திருந்தாள். ஆத்தங்குடியில் தரையில் பதிக்கும் பூக்கல் செய்யும் பட்டறை ஒன்றில் அவளுக்கு மணல் சலிக்கும் வேலை. கை எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் காவி நிறம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

“வரியை அரையாக்குங்கன்னு நாம போயிக் கேட்டமா? அவுகளாத்தான கொறைச்சாக” என்றாள் சிகப்பி.

“கொறைச்சதை வாங்கிக்கிட்டோமில்ல.”

“நீ யாரு கட்சி? ஒங்கொழுந்தன் கட்சியா?”

“அவரு சொன்னதுல நாயம் இருக்குடி. அதுதான் களி எறங்க மாட்டேங்குது.”

“எறங்கலைன்னா எங்கிட்டத் தள்ளு” என்று தட்டை இழுத்த சிகப்பி, தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு மீண்டும் அவள் பக்கமே நகர்த்தி வைத்தாள். “போகட்டும் விடு. நீயும் பட்டறைக்கு வந்துரு. ரெண்டு பேரு கூலி. வெயில் படாத வேலை.”

“பட்டறையில சலிக்கிற மணலு யாரு மணலு?”

“பட்டறைக்காரர் மணலு.”

“புஞ்சையில கெடக்கிறது நம்ம மண்ணுத்தா. ஒன்னைக் கட்டிக்குடுத்துட்டா எனக்குன்னு இருக்கப்போறது அது ஒண்ணுதான். அதை ஓடைக்குத் தாரை வாத்துட்டு, அடுத்தவுக மணலைச் சலிக்கப் போகவா?” என்றாள் அக்கம்மாள். பிறகு களியை உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்கினாள்.

மறுவாரம் வேலை தொடங்கியது. ஊரே சரிவில் இருந்தது. ஆண்கள் கடப்பாரையால் இறுகிய செம்மண்ணைப் பெயர்த்து மண்வெட்டியால் வாரி வைக்க, பெண்கள் சும்மாடு கட்டிக் கூடை சுமந்தனர். ஒவ்வொரு அடுக்கு மண்ணுக்கும் தண்ணீர் தெளித்துத் திமிசால் இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும் என்பதில் சத்தியமூர்த்தி கண்டிப்பாக இருந்தார். நடுப்பகலில் பனைநிழலில் குந்தி, கூழுக்குச் சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு, யார் வரப்பு ஒழுங்கு, யார் வரப்பு குடிகாரன் நடை என்று ஒருவரையொருவர் சீண்டினார்கள். அக்கம்மாளும் கூலிக்குச் சுமந்தாள். மலையாண்டியின் வரப்பில் அவள் கொட்டிய மண் எத்தனையோ கூடை.

அவள் புஞ்சையில் எழுப்பிய வரப்பு பாதித் தூரம் ஓடி, சுண்ணாம்பால் போட்ட ஒரு குறுக்குக் கோட்டில் நின்றது. அதற்கப்பால் வெறுந்தரை, வெறுந்தரைக்கு அப்பால் ஓடை. அந்த முனையில் அவளும் அதிகாரியும் நின்றார்கள்.

“ஐயா, தண்ணி இந்தக் கோட்டைப் பாத்து நின்னுக்கிருமா?”

சத்தியமூர்த்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நிற்காதும்மா. எனக்குத் தெரியும். அன்றைக்கே நான் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். ஊர் ஒத்துப்போய்க் கேட்டால் மறு தவணையில் மாற்றிப் போட எனக்கு அதிகாரம் இருக்கிறது. நானாக மாற்றினால் ஒருவருக்குச் சாதகம் செய்தேன் என்று மனுப்போடுவார்கள்.”

“ஊரு ஒத்துப்போறது எப்ப, மழை வர்றது எப்ப?” என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

மழை முந்திக்கொண்டது. வைகாசியில் ஒரு பிற்பகல், வெயில் வெறித்துக்கொண்டிருக்கும்போதே மேற்கில் கருத்து, புழுதி வாசம் எழுந்து, ஆலங்கட்டியோடு கோடைமழை இறங்கியது. பரவி வர வேண்டிய பொட்டல் தண்ணீரை அரை வரப்பு தடுத்துத் திருப்பியது. திரும்பிய தண்ணீர் முழுவதும் வரப்பின் முனையில் கூடிற்று. கூடிய வேகத்தோடு கீழே பாய்ந்து மலையாண்டியின் புது வரப்பைப் பிளந்தது. அதற்கடுத்த வரப்புகளையும் பிளந்துகொண்டு அம்பலத்தின் நிலம் வரை செந்நிறச் சேறாகப் போயிற்று.

மழை விட்ட உடனே மலையாண்டி மண்வெட்டியோடு மேலேறி வந்தான். அக்கம்மாள் அதற்கு முன்பே வந்து தன் வரப்பின்மேல் நின்றிருந்தாள்.

“எறங்குங்க மதினி.”

“எதுக்கு?”

“இதை வெட்டிவிடப் போறேன். இது இல்லாதப்பத் தண்ணி பரவலா வரும். இப்ப மூலையில கூடி, கிடாய் முட்டுற மாதிரி முட்டிருச்சு. ஒங்க வரப்பு என் வரப்பைத் தின்னுருச்சு!”

“வரப்பு திங்கல. வரப்பு இல்லாத எடந்தான் தின்னுச்சு. அந்த எடம் ஒங்க வாயால வந்தது.”

“பேச்சுல ஒங்களை அடிக்க முடியுமா? எங்கண்ணன் எப்படித்தான் காலந்தள்ளுனாரோ!”

“ஒங்கண்ணன் பேச மாட்டாரு, கல்லுத் தூக்குவாரு. இந்த ஓடைக்கு அணை மாதிரி கல்லடுக்குனது அவரு. அவரு தம்பி நீங்க, அதுக்கு மேல ஒரு கல்லு வச்சிருப்பீகளா?”

சகதி மலையாண்டியின் முழங்கால் வரை அப்பியிருந்தது.

“வெட்டணும்னா வெட்டுங்க” என்று அக்கம்மாள் வரப்பிலிருந்து இறங்கினாள். “வெட்டுன மண்ணைக் கொண்டுபோயி ஒங்க ஒடைப்பை அடைங்க. ஐப்பசியில ரெண்டும் போகும். அப்பறம் ரெண்டு பேருமாச் சேந்து அம்பலகாரவுக மடைக்குப் போயி, இது ஒங்க மண்ணு, இது எங்க மண்ணுன்னு பிரிச்சுக்கிருவோம்.”

அவன் கீழே பார்த்தான். தான் திமிசு போட்டு இடித்த வரப்பு, பல் விழுந்த வாய்போல் திறந்து கிடந்தது. மண்வெட்டியைத் தரையில் ஊன்றி அதன் பிடியில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டான். “இப்ப என்னதான் செய்யணுங்குறீக?”

“கூட்டத்தைக் கூட்டச் சொல்லுங்க. நான் கேட்டாக் கூட்ட மாட்டாக. நான் அரை. நீங்க முழுசு, நீங்க கேளுங்க.”

அவன் கேட்டான். கூட்டம் கூடியது. சத்தியமூர்த்தியும் வந்திருந்தார். அக்கம்மாள் கோயில் சுவர்ப் பக்கம் போகவில்லை; நேரே வந்து, ஆண்கள் இருந்த வட்டத்தின் ஓரத்தில் சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். சலசலப்பு எழுந்தது.

“ஊர்ல இல்லாத வழக்கமால்ல இருக்கு” என்றார் ஒருவர்.

“அதைச் சொல்லத்தான் வந்தேன்” என்றாள் அவள். “அம்பலகாரவுகளே, இந்தத் திருவிழாவுல இருந்து எனக்கு முழு வரி போடுங்க. கண்மாய் வேலைக்கு நானே கூடையோட வாரேன். தலைக்கட்டுன்னா இனி முழுத் தலைக்கட்டு. அதுக்கப்பறம் வரப்பை முழுசாக் கேக்குறேன்.”

“ஒன்னால முடியுமாத்தா?” என்றார் அம்பலம். குரலில் ஏளனம் இல்லை.

“முடியாத வருசம், முடியலைன்னு வந்து நிப்பேன். முழுத் தலைக்கட்டுக்காரவுக யாரும் அப்படி நின்னதில்லையா?”

வரி பாக்கி வைத்திருந்தவர்கள் தலையைக் குனிந்துகொள்ள, மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு மேலாகச் சுவரோரத்திலிருந்து ஒரு கூச்சல் எழுந்தது. அழகி என்ற கைம்பெண், நிலமில்லாதவள்.

“ஏடி அக்கம்மா! நீ முழுசானா ஆயிக்க. என்னையுஞ் சேத்து முழுசாக்கிப்புடாதே! இன்னைக்கு ஒனக்குப் போடுற வரியை நாளைக்கு எனக்கும் போடுவாக. எனக்குப் புருசனுமில்ல, புஞ்சையுமில்ல. இருக்கிறது ஒரு ஆட்டுக்குட்டி. அதை வித்துக் குடுத்துட்டு, நான் கருப்பரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுத் தூங்கவா?”

இதை அக்கம்மாள் நினைத்திருக்கவில்லை. இரவெல்லாம் கோத்து வைத்திருந்த பேச்சு இந்த ஒரு முடிச்சில் அறுந்தது. அழகியைப் பார்த்தாள். தனக்கு ஒருகாலத்தில் நிழலாக இருந்ததை, தன் கையால் இன்னொருத்திக்கு வெட்டிச் சாய்க்கவிருந்தோம் என்பது புரிந்தது. நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தாள்.

“அழகியக்கா சொல்றது சரி. நான் ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பிட்டேன். ஊரும் அப்படித்தான் கொழப்பிருச்சு. கறியைக் கூறு போட்டா ஆளைப் பாத்துப் போடணும். வரியும் ஆளைப் பாத்துத்தான். அவுகளுக்கு அரைதான் நாயம், அது அப்படியே இருக்கட்டும். வரப்பு ஆளுக்கா போடுறோம்? புஞ்சைக்கில்ல போடுறோம்! மழை தலைக்கட்டுப் பாத்தா எறங்கி வருது? எந்தப் புஞ்சையில தண்ணி மொதல்ல எறங்குதோ அங்க மொத வரப்பு. அது எம்புஞ்சையா இருந்தாலுஞ் சரி, எவரு புஞ்சையா இருந்தாலுஞ் சரி.”

“கெடைக்காதவன் என்ன செய்வான்?” என்றது ஒரு குரல்.

சத்தியமூர்த்தி எழுந்து நின்றார். சென்ற முறையைவிடக் குரல் உறுதியாக இருந்தது. “மேலிருந்து போட்டு வந்தால், சரிவில் இருக்கிற அத்தனை புஞ்சைக்கும் மறு தவணை போதும். உடைந்ததையும் அடைத்துவிடலாம். கண்மாயை ஒட்டிய சமதள நிலத்துக்கு மட்டும் போதாது. அங்கே வரப்பு இல்லாவிட்டாலும் மண் போகாது.”

கண்மாயை ஒட்டிய சமதள நிலம் யாருடையது என்பதை யாரும் கேட்கவில்லை. யாரும் அம்பலத்தைப் பார்க்கவும் இல்லை. பார்க்காமல் இருந்ததிலேயே எல்லாரும் பார்த்தார்கள்.

“எனக்கு வரப்பு வேணாம்னு யாருப்பா சொன்னது?” என்றார் அம்பலம்.

“யாருஞ் சொல்லல மாமா. ஒங்க மடை சொல்லுது” என்றான் மலையாண்டி. “வருசா வருசம் தூர் எடுத்து எடுத்து ஒங்களுக்கு இடுப்பு ஒடியுது. அம்புட்டும் எங்க மண்ணு.”

“அது தெரியும்டா. நாளைக்கு நாலு பேரு, ஊருக்கெல்லாம் பங்கு வச்சுட்டு அம்பலம் வெறுங்கையோட ஏமாந்து நின்னான்னு பேசுவான். அந்தப் பேச்சுக்கு எந்தக் கெவுருமெண்டு மானியங் குடுக்கும்?”

அவருடைய வலி எது என்பது இப்போதுதான் வெளியே வந்தது. அக்கம்மாள் அதைப் பிடித்துக்கொண்டாள். “அப்படிப் பேச விட்டுருவமா? மேட்டுல போடுற வரப்பு, ஒங்க மடையைக் காக்கப் போடுற வரப்பு. மொதக் கூடை மண்ணை நீங்கதான் வந்து கொட்டணும். ஒங்க கை பட்டுத்தான் வேலை தொடங்கணும்.”

அம்பலம் மீசையைத் தடவினார். முதல் மரியாதை என்பது அந்த ஊரில் நிலத்தைவிடப் பெரியது. “மொதக் கூடையா? சரி. எனக்குச் சும்மாடு கட்டத் தெரியாதே, யாரு கட்டிவிடுறது?”

“நாங் கட்டிவிடுறேன்” என்று சுவரோரத்திலிருந்து அழகி கத்த, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரிப்பு அடங்கியபின் யாரோ அக்கம்மாளைக் காட்டி, “அப்ப இவுக தலைக்கட்டு?” என்று கேட்டார்.

“முழு வரி தாரேன்னு அதுவாக் கேக்குது. தந்தா வாங்கிக்கிருவோம். அழகிக்கு எப்பவும்போல அரைதான்” என்றார் அம்பலம். “உக்காந்தது உக்காந்தாச்சு. எந்திரிக்கச் சொல்ல எனக்கு வாயில்ல.”

ஆடி பிறப்பதற்குள் மறு தவணை வந்தது. அம்பலம் வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் கோணல் சும்மாட்டோடு, அக்கம்மாளின் வரப்பு நின்றிருந்த முனையில் முதல் கூடையைக் கொட்டினார். சட்டையெல்லாம் செம்மண். அதை மாலைவரை தட்டிவிடாமலே ஊருக்குள் நடமாடினார். ஓடையின் வாயில் மலையாண்டி கல் அடுக்கினான். மிஞ்சுகிற தண்ணீர் வரப்பை உடைக்காமல் வழிவதற்காக, சத்தியமூர்த்தி அங்கே கல்லால் ஒரு வழிகால் வைத்துக் கொடுத்தார். வரப்பு ஒரு கரையிலிருந்து மறு கரை வரை முழுதாக ஓடி முடிந்தது. மண் கெட்டிப்பட அதன்மேல் அறுகு நட்டார்கள்.

ஐப்பசியின் முதல் பெருமழை விடிந்த பிறகும் விடவில்லை. தலையில் சாக்குக் கொங்காணி போட்டுக்கொண்டு அக்கம்மாளும் சிகப்பியும் புஞ்சைக்குப் போனார்கள். பொட்டல் தண்ணீர் திரண்டு இறங்கி, வரப்பில் மோதி, திரும்பிப் பார்த்தது. போக வழியில்லை. இருபுறமும் விரிந்து, கடலைச் செடிகளின் காலைச் சுற்றிக்கொண்டு மெல்ல நின்றது. நின்ற தண்ணீரை நிலம் குடிக்கும் சத்தம் கேட்பதுபோல் இருந்தது.

“ஆத்தா, ஓடை எங்க?” என்றாள் சிகப்பி.

“அதுவும் நெறைஞ்சு நிக்கிதுடி.”

கீழேயிருந்து மலையாண்டியின் குரல் வந்தது. “மதினி! இதென்னா அக்கிரமம்? ஊருத் தண்ணி முழுசையும் நீங்களே கட்டிப் போட்டுக்கிட்டா, என் கடலை என்னத்தைக் குடிக்கும்?”

“நெறையட்டும், வழிஞ்சு வரும். பொறுக்க மாட்டீகளா?”

“பொறுத்தேன் பொறுத்தேன், என் தாடியே நனைஞ்சுருச்சு!”

நிறைந்தது. வழிகாலின் கற்களுக்கு மேலாக ஒரு மெல்லிய ஏடுபோல் தண்ணீர் நழுவி மலையாண்டியின் புஞ்சைக்குள் இறங்கியது. அவன் குனிந்து இரு கைகளாலும் அள்ளினான், உற்றுப் பார்த்தான், மீண்டும் அள்ளினான். பிறந்தது முதல் அந்தச் சரிவில் இப்படி ஒரு தண்ணீரை அவன் பார்த்ததில்லை.

“மதினி, தெளிஞ்சு வருது! மண்ணைக் காணோமே, எங்குட்டுப் போச்சு?”

அக்கம்மாள் வரப்பின்மேல் இரு கால்களையும் அழுந்த ஊன்றி நின்றாள்.

“எங்குட்டும் போகல கொழுந்தனாரே” என்று உரக்கச் சொன்னாள். “இங்குட்டுத்தான் இருக்கு.”